அனுப்பியவரை மறந்த மந்திரவாதிகள்

பீட்டர் ஜாக்சனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றிலும் (2001, 2002, 2003) சேர்த்து நாம் பார்ப்பது இரண்டே மந்திரவாதிகளைத்தான்: காண்டால்ஃப், சாருமான். சில ஆண்டுகள் கழித்து வந்த ‘தி ஹாபிட்’ படங்களில் (2012, 2013, 2014) ராடகாஸ்ட் மூன்றாமவராகச் சேர்கிறார். இவ்வளவு சிறிய கூட்டத்துக்குள் யார் மூத்தவர், யார் பேச்சை யார் கேட்க வேண்டும், அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது யார் என்ற கேள்விகள்தான் கதையில் பாதியை நகர்த்துகின்றன. இந்தப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் நாவலில் எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு அலுப்பூட்டுகிறது. வெட்டாமல் எந்த நாவலையும் படமாக்க முடியாது. வெட்டியதும் சேர்த்ததும் ஒரே திசையில் போகும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. டோல்கீன் மந்திரவாதியின் அதிகாரத்தை ஒருவர் ஒப்படைத்த பொறுப்பாக எழுதினார். ஜாக்சனும் அவருடன் திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ் இருவரும் அதை ஒருவர் கையிலிருக்கும் பலமாக மாற்றினார்கள். அதனால் மந்திரவாதிகளுக்கு இடையிலான உறவு கூர்மையானது. அதே நேரம், மந்திரவாதியின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் திரையிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது.

நாவலின் இறுதியிலுள்ள பின்னிணைப்புகளில் இரண்டாவதில், ஒரு சின்னப் பத்தியில் இந்த எல்லை சொல்லப்படுகிறது. மூன்றாம் யுகத்தின் ஆயிரமாவது ஆண்டையொட்டி மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து மந்திரவாதிகள் வந்தார்கள். இருளின் அதிபதி சௌரானை எதிர்க்க மனமுள்ளவர்களை ஒன்றுசேர்ப்பது அவர்களுக்கு இட்ட வேலை. அவனுடைய பலத்தைத் தங்கள் பலத்தால் எதிர்கொள்ளக் கூடாது, எல்ஃப்களையோ மனிதர்களையோ வன்முறையாலும் அச்சத்தாலும் அடக்கி ஆளக் கூடாது என்பது அவர்களுக்கு இட்ட தடை. வந்தபோதே முதியவர் உருவம்தான். டோல்கீன் மறைந்த பின் அவர் மகன் கிறிஸ்டோபர் 1980-இல் பதிப்பித்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ தொகுப்பில் இந்தத் தேர்வு நடந்த விதம் இன்னும் விரிவாக வருகிறது: பின்னாளில் காண்டால்ஃப் ஆகப்போகிறவர், தான் பலவீனன், சௌரானுக்கு அஞ்சுகிறவன் என்று தயங்குகிறார், அப்படி அஞ்சுவதாலேயே நீ போக வேண்டும் என்று பதில் வருகிறது. சௌரானை எதிர்க்க மந்திரவாதிகளும் எல்ஃப் தலைவர்களும் சேர்ந்த வெள்ளை மன்றம் கூடியபோதும் இதே குணம்தான். காண்டால்ஃப் தலைவராக வேண்டுமென்று எல்ஃப் தலைவி கலாட்ரியல் விரும்பினார், தன்னை அனுப்பியவர்களைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்படுவதில்லை என்று காண்டால்ஃப் மறுத்தார், சாருமான் தலைவரானார். சாருமானின் சறுக்கலும் இந்த இடத்திலிருந்தே புரிகிறது. ஐசன்கார்டின் ஓர்தாங்க் கோபுரத்தின் சாவியை கோண்டோரின் அரசப் பிரதிநிதி அவரிடம் கொடுத்தது அதைக் காவல் காப்பதற்காக. பணிமாற்றத்தில் வந்த அதிகாரி, குடியிருக்கக் கொடுத்த அரசு பங்களாவைத் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொள்வது போல, அவர் அந்தக் கோபுரத்தைத் தனதாக்கிக்கொண்டார். தன் பதவி இன்னொருவர் கொடுத்தது என்பதை மறப்பதில்தான் டோல்கீனின் மந்திரவாதி கெட்டுப்போகிறார். கெட்ட மந்திரம் கற்பதெல்லாம் அதற்கப்புறம்.

முதல் படத்தில் காண்டால்ஃப் ஓர்தாங்குக்குப் போகும் காட்சியை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். குதிரையிலிருந்து இறங்கியதும் அவர் சாருமானுக்குத் தலைவணங்குகிறார். இருவரும் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசுகிறார்கள். பழைய நண்பர்கள், ஒருவர் சற்று மூத்தவர். ஹாபிட்களின் புகையிலை உன் மூளையை மந்தமாக்கிவிட்டது என்று சாருமான் கேலி செய்கிறார். கிறிஸ்டோபர் லீ அதைக் கோபமில்லாமல், கண்டிக்கும் உரிமை தனக்குண்டு என்ற தோரணையில் சொல்கிறார். இயன் மெக்கெல்லன் அதைப் பொறுத்துக்கொள்கிறார். அந்தச் சின்னப் பொறுமையில் எத்தனையோ ஆண்டுப் பழக்கம் தெரிகிறது. பிறகு உள்ளே, பலந்தீர் என்ற தொலைநோக்குக் கல் துணி விலகி இருக்கிறது. காண்டால்ஃப் பதறிப்போய் அதை மூடுகிறார். ‘இதைப் பயன்படுத்த ஏன் அஞ்ச வேண்டும்’ என்ற பொருளில் சாருமான் கேட்கும் கணத்தில் உறவு முறிந்துவிட்டது. சொல்லப்போனால் காட்சி அங்கேயே முடிந்திருக்கலாம். அதற்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன. இரண்டு கிழவர்களும் கோலைச் சுழற்றி ஒருவரையொருவர் சுவரில் மோதவைக்கிறார்கள். கடைசியில் சாருமான் காண்டால்ஃபின் கோலையும் பறித்து, இரண்டு கோல்களோடு நின்று அவரைக் கோபுர உச்சிக்குச் சுழற்றி எறிகிறார். நாவலில் இந்தச் சண்டை இல்லை. எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் அவையில் காண்டால்ஃப் பின்னர் சொல்லும் கதையாகத்தான் இது வருகிறது: வெள்ளை அங்கியை விட்டுப் பல நிறம் மின்னும் அங்கி உடுத்திய சாருமான் பேசிப் பார்க்கிறார், பலிக்கவில்லை, பிடித்து உச்சியில் அடைக்கிறார். எப்படிப் பிடித்தார் என்று டோல்கீன் சொல்வதில்லை. அவருக்கு அது முக்கியமே இல்லை. படத்திலோ அந்த ‘எப்படி’யே நினைவில் நிற்கிறது: யார் கோல் வலியது?

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படுவதில்லை. நாவலில் சாருமான் சௌரானுக்கு அடிமையாக விரும்பும் ஆளே இல்லை. புதிய ஆட்சியோடு சேர்ந்துகொண்டால் காலப்போக்கில் அதை நாமே வழிநடத்தலாம் என்று முதலில் பேசுகிறார். அது எடுபடாதபோது, சௌரானின் மந்திர மோதிரம் நம் கைக்கு வந்தால் அதிகாரமே நம்முடையது என்று மனதிலுள்ளதைக் கொட்டுகிறார். அவர் ஒரு போட்டியாளர். சௌரானையும் ஏமாற்றப் பார்க்கிறவர். படத்தில் அவர் பலந்தீர் வழியாகக் கட்டளை கேட்டு, சௌரானின் நாடான மோர்டோருக்குத் தகுந்த படையொன்றை உருவாக்கும் தளபதியாகிறார். கதைச் சிக்கலைக் குறைக்கும் வசதி இதில் உண்டென்பது புரிகிறது; மூன்று மணி நேரப் படத்தில் மும்முனை அரசியலைப் பின்தொடர்வது கடினம். ஆனால் இந்த எளிமை அவருடைய துரோகத்தின் வகையையே மாற்றிவிடுகிறது. நாவலின் சாருமான் கொடுத்த அதிகாரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர். படத்தின் சாருமான் எஜமானரை மாற்றிக்கொண்டவர். இரண்டாமவரை எந்தப் போர்ப்படத்திலும் பார்த்துவிடலாம். கராத்ரஸ் மலைக் காட்சியும் இதே போக்குதான். நாவலில் அங்கே வரும் பனிப்புயல் யாருடைய வேலை என்பது தெளிவில்லை. மலைக்கே ஒரு பகை மனம் இருக்கலாம். படத்தில் ஓர்தாங்கின் உச்சியில் நின்று சாருமான் மந்திரம் ஓதுகிறார், மலை விளிம்பில் நின்று காண்டால்ஃப் எதிர்மந்திரம் ஓதுகிறார். வானிலை கூட இரண்டு மந்திரவாதிகளின் சொந்த வழக்காகிவிடுகிறது.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: சினிமா பார்க்கும் கலை. அதிகார வரம்பு, பொறுப்பு போன்றவற்றை எப்படிக் காட்டுவது? அவையில் உட்கார்ந்து கதை சொல்வதைப் படமாக்கினால் அரங்கு தூங்கிவிடாதா? இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஓர்தாங்க் சண்டையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே படங்கள்தான் இந்த வாதத்தை முறியடிக்கின்றன. பாக் எண்ட் வீட்டில் ஹாபிட் ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டும்போது காண்டால்ஃப் பின்வாங்குகிறார். நல்லது செய்யும் ஆசையோடுதான் அதை எடுப்பேன், ஆனால் என் வழியாக அது கொடுமையே செய்யும் என்கிறார். வெறும் பேச்சு, ஒரு சின்ன அறை, மெக்கெல்லன் முகத்திலுள்ள அச்சம். அதிகாரத்தின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தப் போர்க்களமும் தேவையில்லை. இன்னொன்றைப் பாருங்கள். நாவலில் சாருமானின் முக்கியமான ஆயுதம் அவருடைய குரல். தோற்று, வெள்ளம் சூழ்ந்த கோபுரத்தில் நிற்கும்போதும் அவர் பேசப் பேசக் கேட்பவர்கள் இளகுகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஜாக்சன் பிடித்துவந்தது கிறிஸ்டோபர் லீயை. திரையுலகில் அதைவிடக் கனத்த குரலைத் தேடிப் போயிருந்தாலும் கிடைத்திருக்காது. (நாவலை ஆண்டுதோறும் படித்தவர், டோல்கீனை நேரில் பார்த்தவர், காண்டால்ஃபாக நடிக்க ஆசைப்பட்டவர் லீ, சாருமானின் பொறாமை அவருக்கு எளிதில் வந்ததோ என்னவோ.) அந்தக் குரலின் உச்சக் காட்சியைத்தான் 2003-இல் திரையரங்குக்கு வந்த பதிப்பிலிருந்து முழுதாக வெட்டினார்கள். லீ வருத்தத்தை மறைக்கவில்லை. 2004-இல் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில் காட்சி திரும்பி வந்தது. அதில் சாருமான் தீப்பிழம்பு ஒன்றை எறிகிறார். காண்டால்ஃப் அசையாமல் நிற்கிறார். பிறகு உன் கோல் முறிந்தது என்கிறார், கோல் உடைகிறது. அந்தத் தீப்பிழம்பு இல்லாமலே காட்சி நின்றிருக்கும். சொன்னதும் உடைவதுதான் பதவி போவது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. நாவலிலும் காண்டால்ஃப் சும்மா உபதேசம் செய்பவர் இல்லையே, பால்ரோக் என்ற நெருப்புப் பேயோடு மோதுகிறார், கோண்டோர் வாசலில் சௌரானின் நாஸ்கூல்களை ஒளிக்கற்றையால் விரட்டுகிறார், பலத்துக்குத் தடை என்பதெல்லாம் எங்கே போயிற்று? தடை என்னவென்று கவனித்தால் பதில் கிடைக்கும். எதிரியோடு சண்டையிடுவதே கூடாது என்று அதில் இல்லை. சௌரானோடு பலப்பரீட்சையில் இறங்குவதும், காக்க வந்த மக்களையே மிரட்டி ஆள்வதும்தான் கூடாதவை. பால்ரோக்கின் முன் பாலத்தில் நிற்கும்போது காண்டால்ஃப் தான் யாருடைய பணியாள் என்பதைத்தான் அறிவிக்கிறார். படமும் அந்த வரிகளை விடவில்லை, நன்றாகவே செய்திருக்கிறது. பிரச்சினை கோண்டோரின் தலைநகர் மினாஸ் திரித்தில். காவலர்களை இடத்தை விட்டு ஓடச் சொல்லும் அரசப் பிரதிநிதி டெனத்தோரைப் படத்தின் காண்டால்ஃப் கோலால் அடித்து வீழ்த்துகிறார். அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழ வேண்டும் என்பதற்காகவே அமைத்த இடம் அது. பின்னர் டெனத்தோர் தனக்கு மூட்டிக்கொண்ட சிதையருகே காண்டால்ஃபின் குதிரை ஷேடோஃபாக்ஸ் அவரை உதைத்து நெருப்பில் தள்ளுகிறது. நாவலில் காண்டால்ஃப் வாதம்தான் செய்கிறார்: முதல் சந்திப்பிலேயே, எந்த நாடும் என் ஆட்சியில் இல்லை, ஆனால் ஆபத்திலிருக்கும் நல்லவை எல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றன, நானும் ஒரு பிரதிநிதிதான் என்ற கருத்தை டெனத்தோரிடம் முன்வைக்கிறார். பின்னர் சிதையருகே, உன் சாவு நேரத்தைக் குறிக்க உனக்கு அதிகாரம் தரப்படவில்லை என்கிறார். டெனத்தோரோ அரசர் திரும்பி வந்தால் பதவி போய்விடுமே என்று எரிந்து சாகிறார். ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்ததாகவே வைத்திருக்கும் ஒருவரும், தன்னுடையதாக்கிக்கொண்ட ஒருவரும் எதிரெதிரே நிற்கும் இடம் அது; சாருமானின் கதை மனித உருவில் மறுபடி நடக்கிறது. ஓர் அடியில் இவ்வளவும் போயிற்று.

ரோஹன் நாட்டுத் தியோடன் மன்னரின் மீட்சியில் கணக்கு இவ்வளவு நேரானதில்லை. இரண்டாம் படத்தில் சாருமான் அவர் உடலுக்குள்ளேயே புகுந்து பேசுகிறார். காண்டால்ஃப் பேயோட்டுவது போல அவரை வெளியே தள்ள, தூரத்து ஓர்தாங்கில் சாருமான் தரையில் விழுகிறார். நாவலில் மன்னரின் நோய் தீய ஆலோசனையால் வந்தது. வாசலுக்கு வந்து காற்றை வாங்குங்கள், வாளைக் கையில் பிடியுங்கள் என்று காண்டால்ஃப் சொல்ல, கிழவர் தானாக எழுகிறார். மீண்டும் ஒரு மனிதரின் சம்மதம் இருக்கும் இடத்தில் இரண்டு மந்திரவாதிகளின் இழுபறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் படம் இதற்கு ஈடாகத் தானே ஒன்றைச் சேர்க்கிறது: குணமான தியோடன், எதிரியை நேரில் சந்தியுங்கள் என்ற காண்டால்ஃபின் யோசனையை மறுத்து, மக்களை ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு அழைத்துப் போக முடிவு செய்கிறார். காண்டால்ஃபுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தடுப்பதில்லை, உதவி தேடிக் குதிரை ஏறுகிறார். நாவலில் இல்லாத இந்தத் திருப்பம் நாவலின் விதியைச் சரியாகப் பின்பற்றுகிறது: மந்திரவாதி யோசனை சொல்லலாம், அரசர் கேட்காமல் போகலாம். ஆகவே ஜாக்சன் குழுவுக்கு இந்த விதி தெரியாது என்று சொல்ல முடியாது. மனிதர்களோடு பழகும்போது அது அவ்வப்போது நினைவுக்கு வருகிறது. இன்னொரு மந்திரவாதி எதிரே நின்றால் மறந்துபோகிறது.

உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. 1969-இல் டோல்கீன் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்ற படவுரிமையில் ‘தி ஹாபிட்’டும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஸும்தான் அடக்கம், பிற்காலத் தொகுப்புகளைத் தொட முடியாது. 2012 படத்தில், அந்தத் தொகுப்புகளில் மட்டுமே பெயர் வரும் நீல மந்திரவாதிகள் இருவரின் பெயரையும் மறந்துவிட்டேன் என்று காண்டால்ஃப் சொல்வதை ரசிகர்கள் இதை வைத்துத்தான் ரசிக்கிறார்கள். ஆனால் மந்திரவாதிகளுக்கு இட்ட தடையும், அவர்கள் மேற்கிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் என்பதும் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன, உரிமை இருந்தது. வெள்ளை அங்கியோடு திரும்பும் காண்டால்ஃப், வேலை முடியும்வரை தான் திருப்பி அனுப்பப்பட்டிருப்பதாகப் படத்திலும் சொல்லத்தான் செய்கிறார். சாருமான் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அந்தச் சாருமான் நான் என்றும் சொல்கிறார். அந்தச் சந்திப்பின் தொடக்கத்தில் மெக்கெல்லனின் குரலோடு லீயின் குரலையும் கலந்து கேட்கவைத்தது அருமையான யோசனை. ஆனால் அனுப்பியது யார், எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாவலும் பெயர் சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே பெயர் சொல்லாத அந்த ஆள் கதை முடிவில் செயல்படுகிறார். ஹாபிட்களின் நாடான ஷயரில் கழுத்தறுபட்டுச் சாகும் சாருமானின் உடலிலிருந்து எழும் புகையுருவம் மேற்கு நோக்கித் திரும்புகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. அனுப்பியவர்கள் திரும்ப ஏற்கவில்லை. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அவரை அவருடைய கையாள் க்ரீமா குத்த, கோபுரத்திலிருந்து விழுந்து நீர்ச்சக்கரத்தின் கூரில் செருகிக்கொள்கிறார். கொடூரமான சாவுதான், தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

‘தி ஹாபிட்’ படங்கள் மொத்தத்தில் பலவீனமானவை: ஊதிப் பெருக்கிய சண்டைகள், தேவையற்ற காதல், ராடகாஸ்டின் முகத்தில் வழியும் பறவை எச்சம். ஆனாலும் மந்திரவாதிகளுக்குள் அதிகாரம் எப்படி நடமாடுகிறது என்பதை இந்த ஆறு படங்களில் மிகச் சரியாகக் காட்டும் காட்சி இவற்றில்தான் இருக்கிறது. ரிவெண்டலில் இரவு வெள்ளை மன்றம் கூடுகிறது. சாருமான் தலைவர்; மேசையில் உட்கார்ந்து முடிவே இல்லாமல் பேசுகிறார். காண்டால்ஃப் கண்டதைச் சொன்னால் ஆதாரம் கேட்கிறார். ராடகாஸ்ட் பெயரைச் சொன்னதும் அவர் காளான் தின்று மூளை கெட்டுப்போனவர் என்று ஒதுக்குகிறார். பேச்சு நடுவிலேயே கலாட்ரியல் வாய் திறக்காமல் காண்டால்ஃபின் மனதோடு பேச ஆரம்பிக்கிறார்; சாருமானின் குரல் தூரத்து இரைச்சலாகிறது; துணியில் சுற்றிய மோர்குல் கத்தி மேசைக்கு வருகிறது. பதவி ஒருவரிடம், மதிப்பு வேறொருவரிடம். கலாட்ரியல் யாரைத் தலைவராக்க விரும்பினார் என்று படம் எங்கும் சொல்லவில்லை, பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. சாருமான் தடுக்க நினைத்த பயணத்துக்குக் குள்ளர்கள் கிளம்பிவிட்டார்கள் என்ற செய்தி வரும்போது, முன்பே தெரிந்தவரின் குறுஞ்சிரிப்பு காண்டால்ஃப் முகத்தில் வருகிறது. தலைவரை நேரில் எதிர்க்காமல் வேலையைத் தன்போக்கில் நடத்திக்கொள்ளும் கீழதிகாரியின் சிரிப்பு அது.

இந்தக் காட்சியில் ஒரு கோலும் உயரவில்லை. நாவல் ஒரு வரியில் தாண்டிப்போகும் மன்றத்தைத் திரைக்கதையாசிரியர்கள் தாங்களாகவே கட்டியிருக்கிறார்கள். நாவலுக்கு வெளியே போனபோதுதான் நாவலின் அதிகார உணர்வுக்கு மிக அருகில் வந்தார்கள் என்பது விசித்திரம்தான். 2014-இன் மூன்றாம் படத்தில் டோல் குல்டூர் கோட்டைக்குள் சாருமான் தன் கோலோடு நிழலுருவங்களை எதிர்த்துப் போரிடுகிறார். அப்போது அவர் இன்னும் நல்லவர், அல்லது நல்லவராகத் தெரிபவர். சௌரான் கிழக்கே ஓடியதும், அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறார் எல்ரோண்ட். கலாட்ரியலை லோத்லோரியனுக்கு அழைத்துப் போ, சௌரானை என்னிடம் விடு என்கிறார் சாருமான். மன்றத் தலைவர் சொல்கிறார், எல்ரோண்ட் கேட்டுக்கொள்கிறார். அந்தப் பொறுப்பை அவர் என்ன செய்யப்போகிறார் என்பது முந்தைய மூன்று படங்களையும் பார்த்த நமக்குத் தெரியும். அங்கே நிற்பவர்களில் யாருக்கும் அவரைச் சந்தேகிக்கக் காரணமில்லை.